நம்பிக்கை மையத்துக்குப் புதிதாக வரும் லேப் டெக்னீஷியனுக்கு: எச்.ஐ.வி. பரிசோதனை சிக்கலாகும் இடங்கள்

எச்.ஐ.வி. ரேபிட் கிட்டை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும். சீரம் விட வேண்டும், பஃபர் விட வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், கோட்டைப் படிக்க வேண்டும். பயிற்சியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். மையத்தில் உட்கார்ந்த பிறகு உங்களைத் திணறடிப்பது வேறு. ஒரு கிட் கோடு காட்டும், அடுத்தது காட்டாது. தனியார் லேபில் வாங்கிய தாளோடு ஒருவர் வருவார், அதில் ஒன்று இருக்கும், உங்கள் கிட்டில் வேறொன்று இருக்கும். ஆறு வாரக் குழந்தையோடு வரும் அம்மா, “இன்னைக்கே தெரிஞ்சிடுமா?” என்று கேட்பார். அந்த நேரங்களில் என்ன செய்வது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டு ஐசிடிசியில், அதாவது எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில், புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியார் லேபில் இருப்பவருக்கும் பெரும்பகுதி பொருந்தும். உங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் நாக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வழிமுறையும் கிட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் நான் சொல்வதோடு முரண்பட்டால், அவற்றைத்தான் பின்பற்ற வேண்டும். வழிமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. கிட் ஒவ்வொரு கொள்முதலிலும் மாறலாம்.

முதல் படி: ஆள், டியூப், எண்

தவறான ரிப்போர்ட் என்றதும் எல்லோரும் கிட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் முதலில் லேபிளைத்தான் பார்ப்பேன். கர்ப்பிணிகள் வரும் நாளில் ஒரே வரிசையில் இரண்டு முத்துலட்சுமி இருப்பார்கள், இரண்டு பேருக்கும் இனிஷியல் எம். “முத்துலட்சுமி நீங்கதானே?” என்று கேட்டால், கூட்டத்தில் பாதி காதில் விழாமலே “ஆமா” என்பார்கள். அதனால் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களைச் சொல்ல விடுங்கள். வயதையும் ஊரையும்கூட அவர்கள் வாயாலேயே கேட்டு, ஆலோசகர் அனுப்பிய சீட்டில் இருக்கும் பிஐடி என்ற அடையாள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டியூபில் எண் எழுதுவது ரத்தம் எடுத்த உடனே, அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால். காலையிலேயே இருபது டியூபில் எண் எழுதி ஸ்டாண்டில் அடுக்கி வைக்கிற பழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். வேகமாக இருக்கும்தான். ஆனால் நடுவில் ஒருவர் மயங்கி விழுந்தாலோ, ஒருவர் பயந்து எழுந்து போய்விட்டாலோ, அதற்குப் பிறகு வரும் எல்லா டியூபும் ஒவ்வோர் ஆள் தள்ளிப் போகும். கிட் எல்லாம் சரியாக வேலை செய்யும், ரிப்போர்ட் எல்லாம் தப்பாக இருக்கும்.

ஆலோசகர் பேசி, சம்மதம் வாங்கின பிறகுதான் ஊசி. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதைச் சட்டப்படியே கட்டாயமாக்கியிருக்கிறது. வார்டிலிருந்து “ஆபரேஷனுக்கு அவசரம், பாத்துடுங்க” என்று டியூப் மட்டும் வந்தால், சம்மதம் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் வேலைதான்.

எடுத்த ரத்தம் நன்றாக உறையட்டும், அரை மணி நேரமாவது. அவசரப்பட்டுச் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் என்ற உறைபுரத இழை மிதக்கும். சவ்வு வழியாக உறிஞ்சும் வகைக் கிட்டில் அந்த இழை போய் அடைத்துக்கொண்டால் பின்னணி முழுக்க இளஞ்சிவப்பாகி, புள்ளி எது கறை எது என்றே தெரியாது. சிவந்துபோன சீரமும் கொழுப்பால் பால்போல் கலங்கிய சீரமும் இதே தொல்லை தரும். அப்படி வந்தால் கண்ணைச் சுருக்கிப் படிக்க முயலாமல் மறுபடி ரத்தம் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கிட், ஃபிரிட்ஜ், கடிகாரம்

பல கிட்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், சிலவற்றை 30 டிகிரி வரை வெளியில் வைக்கலாம். மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் 30 டிகிரி என்பதே கனவு, அதனால் இரண்டாம் வகையையும் குளிர்ச்சியான இடத்தில் வைக்கப் பாருங்கள். கரன்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று டெம்பரேச்சர் சார்ட்டில் எழுதுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை உடனே பிரிக்க வேண்டாம். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பையைக் கிழித்தால்தான் பட்டையில் ஈரம் பூக்காது.

ஒரு கிட்டின் பஃபரை இன்னொரு கிட்டுக்கு விடக் கூடாது. ஒரே கம்பெனியின் வேறு லாட்டாக இருந்தாலும் கூடாது. பஃபர் பாட்டிலை நேராகச் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டு விடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும்.

கன்ட்ரோல் கோட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது வராவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது, இது எல்லோருக்கும் தெரியும். வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள், அங்கேதான் பிசகு. பல பட்டை வகைக் கிட்களில் திரவம் பட்டையின் கடைசி வரை ஓடியது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு சொல்கிறது. சீரம் விட மறந்து வெறும் பஃபர் விட்டாலும் அது அழகாக வரும். அதை நெகட்டிவ் என்று எழுதிவிடுவீர்கள். பத்து பட்டையை வரிசையாக வைத்துச் சீரம் விடும்போது போன் வந்தால் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்த எண் வரை விட்டீர்கள் என்று தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு எடுங்கள்.

நேரமும் அப்படித்தான். தாளில் சொன்ன நேரத்துக்கு முன் படித்தால் மெல்ல எழும்பும் கோட்டைத் தவறவிடுவீர்கள். மதியச் சாப்பாடு முடித்து வந்து படித்தால், காய்ந்துபோன பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தெரியும், அதைக் கோடு என்று எழுதிவிடுவீர்கள். சுவர்க் கடிகாரத்தை மனதால் கூட்டிக் கழிக்க வேண்டாம், டைமர் வையுங்கள். சரியான நேரத்துக்குள் கோடு எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் அது ரியாக்டிவ்தான். “லேசாத்தான் இருக்கு” என்று தள்ளுபடி செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகம் என்றால் உங்கள் முடிவைச் சொல்லாமல் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஏன் மூன்று கிட் என்ற கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் வேலை பார்ப்பவர்கள்தான் முதல் கிட்டில் கோடு வந்ததும் முகம் மாறி, எதிரில் இருப்பவரைக் கலங்கடிக்கிறார்கள். காகிதம் எடுத்துக் கூடவே போட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 சதவீதம். 10,000 பேரைச் சோதித்தால் உண்மையில் தொற்று உள்ளவர்கள் 20 பேர். கிட் இந்த 20 பேரையும் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு கிட்டிடம் எதிர்பார்க்கும் குறைந்தபட்சத் துல்லியம், தொற்று இல்லாதவரை இல்லை என்று சொல்வதில், 98 சதவீதம். மீதி 9,980 பேரில் 2 சதவீதம் என்றால் சுமார் 200 பேர். ஆக, முதல் கிட்டில் 220 பேருக்குக் கோடு வரும், அதில் 200 பேருக்கு நோயே இல்லை!

அந்த 220 பேரையும் இரண்டாவது கிட்டில் போட்டால் பொய்யாகக் காட்டுபவர்கள் 200-லிருந்து 4 ஆகக் குறைவார்கள். உண்மை 20, பொய் 4. இன்னும் ஆறில் ஒருவருக்கு அநியாயம். மூன்றாவது கிட்டுக்குப் பிறகுதான் பொய் என்பது கிட்டத்தட்ட இல்லை என்ற நிலைக்கு வருகிறது. நடைமுறையில் நல்ல கிட்கள் 98-ஐவிட மேலாகவே செயல்படும், அதனால் உங்கள் மையத்தில் இவ்வளவு பொய்க்கோடு வராது. ஆனாலும் தொற்று அரிதான கூட்டத்தில் ஒற்றைக் கோட்டுக்கு இருக்கும் மதிப்பு நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மூன்று கிட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தப்பு செய்ய வேண்டும். ஒரே ஆன்டிஜெனை (ரத்தத்தில் உடல் உருவாக்கும் எதிர்ப்புப்புரதத்தைப் பிடிக்கக் கிட்டில் வைக்கும் வைரஸ் புரதம்) வைத்து, ஒரே முறையில் செய்த மூன்று கம்பெனிக் கிட்களை வைத்தால், முதலில் ஏமாந்தது போலவே மற்ற இரண்டும் ஏமாறும். அதனால்தான் ஒன்று சீப்பு வடிவம், ஒன்று சவ்வில் உறிஞ்சுவது, ஒன்று பட்டையில் ஓடுவது என்று வேறு வேறாகத் தருகிறார்கள். முதல் கிட் எதையும் தவறவிடாததாக இருக்க வேண்டும், அடுத்த இரண்டும் பொய்யை வடிகட்டுபவையாக இருக்க வேண்டும். ஒரு கிட் தீர்ந்துவிட்டது என்பதற்காக முதல் கிட்டையே மூன்றாவதாகவும் ஓட்டினால், மூன்று சோதனை செய்ததாகப் பதிவேட்டில் இருக்கும், உண்மையில் செய்தது இரண்டுதான். ஸ்டாக் தீரும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

நான்காம் படி: கிட்கள் ஒத்துப்போகாதபோது

முதல் கிட் நான்-ரியாக்டிவ் என்றால் அதோடு சரி, நெகட்டிவ். மூன்றும் ரியாக்டிவ் என்றால் பாசிட்டிவ். முதலாவது மட்டும் ரியாக்டிவ், மற்ற இரண்டும் இல்லை என்றால் நெகட்டிவ். மூன்றில் இரண்டு ரியாக்டிவ், ஒன்று இல்லை என்றால்? புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் “ரெண்டு சொல்லுதே, பாசிட்டிவ்தான்” என்பார்கள். இது ஓட்டெடுப்பு இல்லை, பெரும்பான்மைக்கு இங்கே மதிப்பு கிடையாது. அந்த முடிவுக்குப் பெயர் இன்டெடர்மினேட், அதாவது இன்னும் தீர்மானிக்க முடியாதது. பதிவேட்டிலும் அப்படியே எழுத வேண்டும்.

அப்படி வந்தால் முதலில் உங்கள் மேசையைச் சந்தேகியுங்கள். லேபிள் சரியா, எக்ஸ்பைரி தாண்டவில்லையா, சீரம் கலங்கலா, நேரம் தாண்டிப் படித்தீர்களா. எல்லாம் சரி என்றால், இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து வரச் சொல்லிப் புது ரத்தம் எடுத்து முதல் கிட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எதற்கு இந்தக் காத்திருப்பு? தொற்று இப்போதுதான் ஏற்பட்டிருந்தால் அந்த வாரங்களில் எதிர்ப்புப்புரதம் கூடி மூன்று கிட்டும் பளிச்சென்று காட்டிவிடும். பொய்க் குறுக்கீடாக இருந்தால் பெரும்பாலும் அதே மங்கல் நிலை தொடரும், அல்லது மறையும். லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், கர்ப்பம், சமீபத்தில் போட்ட சில தடுப்பூசிகள், மலேரியா எல்லாம் இப்படிக் குறுக்கிடுவது உண்டு. இரண்டாம் முறையும் தீரவில்லை என்றால் சாம்பிளை மாநில ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

இந்தக் காத்திருப்பில் பலர் தனியாரில் வெஸ்டர்ன் பிளாட் என்ற எதிர்ப்புப்புரதச் சோதனையைச் செய்துகொண்டு வந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அதுதான் இறுதித் தீர்ப்பு. இன்றைக்கு என் கருத்து, அது குழப்பத்தைத்தான் கூட்டும். விலை அதிகம், படிப்பது கடினம், தொற்று இல்லாதவர்களிடமே பி24 என்ற வைரஸ் புரதத்துக்கான கோடு ஒன்று மட்டும் தெரிந்து மறுபடி “தீர்மானிக்க முடியாதது” என்றே வரும். புதிய தொற்றையும் ரேபிட் கிட்டைவிடத் தாமதமாகக் காட்டும். உலக சுகாதார நிறுவனமே 2019-ல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

கர்ப்பிணிக்கு இன்டெடர்மினேட் வந்தால் மட்டும் இந்த நிதானத்தை ஓரம் வையுங்கள். மாதத்தைக் கேட்டு, அன்றைக்கே மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். பிரசவ வலியோடு, முன்பு சோதனையே செய்யாமல் வருபவருக்கு விரல் நுனி ரத்தத்தில் செய்யும் ஒரே கிட் ரியாக்டிவ் ஆனாலும் தாய்க்கும் குழந்தைக்கும் மருந்தைத் தொடங்கிவிட்டு உறுதிப்பாட்டைப் பின்னால் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்று கிட்டும் ஒத்துப்போன பாசிட்டிவிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏஆர்டி) தொடங்குமுன் புதிதாக இன்னொரு முறை ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டின் தப்பைவிட டியூப் மாறிய தப்பைப் பிடிப்பதற்குத்தான் அது. இதற்கு நம் ஊரிலேயே பழைய உதாரணம் உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா பெண்களிடம் சேகரித்த சாம்பிள்கள் வேலூர் சிஎம்சியில் எலிசா என்ற ஆய்வகச் சோதனை செய்யப்பட்டபோது ஆறு பாசிட்டிவ் வந்தன. நாட்டிலேயே முதல் தொற்றுகள். அந்தத் தாளை வைத்தே அறிவித்துவிடவில்லை. திரும்பப் போய் அதே பெண்களிடம் புதிதாக ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் உறுதிசெய்த பிறகுதான் வெளியே சொன்னார்கள்.

ஐந்தாம் படி: ஜன்னல் காலமும் தனியார் லேப் தாளும்

வைரஸ் உடலில் புகுந்த முதல் பத்து நாள் போல எந்தச் சோதனையிலும் ஒன்றும் தெரியாது. பிறகு முதலில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ தெரியும், அடுத்து பி24 ஆன்டிஜென், கடைசியாக எதிர்ப்புப்புரதம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கு இது: ஆர்என்ஏ சோதனை 10 முதல் 33 நாளில் கண்டுபிடிக்கும், ரத்தக் குழாயிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் செய்யும், பி24-ஐயும் எதிர்ப்புப்புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாளில், எதிர்ப்புப்புரதத்தை மட்டும் தேடும் சோதனை 23 முதல் 90 நாளில். தொற்று ஏற்பட்டும் சோதனையில் தெரியாத இந்த இடைவெளிதான் ஜன்னல் காலம். உங்கள் மேசையில் இருக்கும் ரேபிட் கிட்கள் அநேகமாகக் கடைசி வகை.

அதனால் “போன வாரம் ஒரு தப்பு நடந்துபோச்சு” என்று வருபவருக்கு உங்கள் நெகட்டிவ் எதையும் நிரூபிக்காது. இன்றைய சோதனை பழைய கணக்கைத்தான் சொல்லும், போன வாரத்துக்கு மூன்று மாதம் முடியும் தேதியில் திரும்ப வர வேண்டும். அந்தத் தேதியை ஆலோசகர் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும், வாயால் சொன்னால் மறந்துவிடும். சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் சோதனைக்கு முன்பே மருத்துவரிடம் அனுப்புங்கள், தொற்றைத் தடுக்கும் மருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்போது தாளோடு வருபவர். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன இளைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் லேபின் தாளில் நான்காம் தலைமுறைச் சோதனை, விகிதம் 1.6, ரியாக்டிவ் என்று இருக்கிறது. 1-க்கு மேல் போனால் ரியாக்டிவ் என்பது அந்த இயந்திரத்தின் கணக்கு. இரவு முழுக்கத் தூங்காமல், அப்பாவைக்கூட அழைத்துக்கொள்ளாமல் தனியாக வந்திருப்பார். உங்கள் முதல் கிட்டில் ஒரு கோடும் வரவில்லை.

இங்கே இரண்டு விதமான தப்பு நடக்கும். ஒன்று, “தனியார் லேப்காரங்க அப்படித்தான், உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போங்க” என்று அனுப்பிவிடுவது. இன்னொன்று, அவர்களிடம் இயந்திரம் பெரிது என்று மிரண்டு தாளை நம்பிவிடுவது. 1.6 போன்ற குறைந்த விகிதம் பெரும்பாலும் பொய்யாகத்தான் முடியும், உண்மைத் தொற்றில் பல சமயம் அது மிக உயரத்துக்குப் போகும். ஆனால் தொற்று தொடங்கிய முதல் வாரங்களில் பி24 லேசாக எழும்பும்போதும் இதே மாதிரி சிறிய எண் வரலாம். அந்த நேரத்தில் உங்கள் ரேபிட் கிட் தேடுகிற எதிர்ப்புப்புரதம் இன்னும் உருவாகியே இருக்காது. அதாவது அவர்கள் சோதனை சரி, உங்கள் சோதனையும் சரி, இரண்டும் வேறு வேறு பொருளைத் தேடுகின்றன. அந்த வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், மற்றவருக்குப் பரவும் வாய்ப்பும் அப்போது மிக அதிகம். அந்த நேரத்தில் “ஒண்ணும் இல்ல” என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: உங்கள் முடிவை உள்ளபடி நான்-ரியாக்டிவ் என்றே பதியுங்கள். தனியார் தாளின் நகலை வாங்கி, எந்த வகைச் சோதனை, என்ன விகிதம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடந்த சில வாரங்களில் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு இருந்ததா, ஆபத்தான தொடர்பு எப்போது என்று ஆலோசகர் தனியாகக் கேட்கட்டும். மருத்துவ அலுவலர் மூலம் ஆர்என்ஏ சோதனைக்கு வழி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறு சோதனை, அதுவரை ஆணுறை, ரத்த தானம் கிடையாது. ஆர்என்ஏ முடிவு வந்தாலும் கவனம் தேவை. வைரஸின் சில நூறு பிரதிகள் மட்டும் காட்டினால் அதுவும் பொய்யாக இருக்கலாம். மருந்தே எடுக்காத புதுத் தொற்றில் லட்சக்கணக்கில்தான் எதிர்பார்க்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள்

இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்: “இப்ப ஏதாவது எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுறீங்களா, முன்னாடி சாப்பிட்டீங்களா?” தொற்றைத் தடுப்பதற்காக மருந்து எடுப்பவருக்குத் தொற்று ஏற்பட்டால், எதிர்ப்புப்புரதம் மெதுவாகத்தான் உருவாகும், கோடு மங்கலாகவோ தாமதமாகவோ வரும். தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே கூட்டு மருந்து தொடங்கியவருக்கும் அப்படித்தான், பிறந்த உடனே மருந்து தொடங்கிய குழந்தைக்கு எதிர்ப்புப்புரதமே காணாமல் போகலாம்.

ஏற்கெனவே பாசிட்டிவ் என்று தெரிந்து, ஏஆர்டி மையத்தில் மருந்து வாங்கிக்கொண்டே, “குணமாயிடுச்சா பார்க்கணும்” என்று வேறு ஊர் மையத்துக்கு வருபவர்கள் உண்டு. நாட்டு மருந்து விற்பவர் சொல்லி அனுப்பியதாகவும் இருக்கும். பெரும்பாலானோருக்கு மூன்று கிட்டும் ரியாக்டிவ் என்றே வரும். அரிதாக ஒன்று நான்-ரியாக்டிவ் வந்தால், அதை எடுத்துக்கொண்டு போய் மருந்தை நிறுத்திவிடுவார். மருந்தில் இருப்பவருக்கு ரேபிட் சோதனையைத் திரும்பச் செய்வதில் பயன் இல்லை. அவருக்குத் தேவை, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு சோதனை. ஏஆர்டி மையத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

பதினெட்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை

தாயின் எதிர்ப்புப்புரதம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், 18 மாதம் வரைகூட ரத்தத்தில் சுற்றும். அதனால் எச்.ஐ.வி. உள்ள தாயின் கைக்குழந்தைக்கு ரேபிட் கிட்டில் கோடு வந்தால், அது அம்மாவின் கோடா குழந்தையின் கோடா என்று யாராலும் சொல்ல முடியாது. வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பிசிஆர்தான் வழி. ஆறு வாரத்தில் முதல் சாம்பிள். அதை உலர்ந்த ரத்தப் பொட்டாக, டிபிஎஸ் அட்டையில் எடுத்து அனுப்புகிறோம்.

அட்டையைக் கெடுப்பது மிக எளிது, அதனால் இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். குழந்தையின் காலை வெதுவெதுப்பான துணியில் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள், ரத்தம் தானாக வரும். அம்மா மடியில் வைத்துக் கால் தொங்கும்படி பிடிக்கட்டும். குதிகாலின் நடுவில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். அடுத்த சொட்டு பெரிதாகத் திரளட்டும், அதை அட்டையின் வட்டத்தில் ஒரே தொடலில் இறக்குங்கள். வட்டம் நிறைந்து அட்டையின் பின்புறத்திலும் ஊறித் தெரிய வேண்டும். பாதி நிறைந்த வட்டத்தில் இன்னொரு சொட்டை மேலே விட்டால் அடுக்கடுக்காக உறைந்துவிடும். குதிகாலைப் பிசைந்து பிழிந்தால் திசு நீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். வட்டத்துக்குள் விரல் படவே கூடாது.

அட்டையைப் படுக்கை வாக்கில், தொடாமல், குறைந்தது நான்கு மணி நேரம் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம், ஹீட்டர் பக்கம் வேண்டாம். நாகப்பட்டினம், ராமநாதபுரம் மாதிரிக் கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு மணி நேரம் போதாது, இரவு முழுக்க விடுங்கள். நன்றாகக் காய்ந்தால் பளிச்சிவப்பு போய் அடர்ந்த பழுப்பாகும். பிறகு ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் ஈரம் காட்டும் அட்டையும் போட்டு ஜிப் பையில் மூடுங்கள். காயாத அட்டையைப் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து, அங்கே போய் “சாம்பிள் நிராகரிப்பு” என்று திரும்பிவிடும். அதற்குள் குழந்தைக்கு இன்னும் சில வாரம் ஆகியிருக்கும், மருந்து தேவைப்படும் குழந்தைக்கு அந்த வாரங்கள் பெரியவை.

முதல் பிசிஆர் பாசிட்டிவ் என்றால் சிகிச்சையை நிறுத்தி வைத்துக் காத்திருப்பதில்லை. உறுதிசெய்ய இரண்டாம் அட்டையை எடுத்துக்கொண்டே மருந்தைத் தொடங்குவார்கள். நெகட்டிவ் என்றாலும் கதை முடியவில்லை, தாய்ப்பால் குடிக்கும் வரை தொற்றும் வாய்ப்பு இருக்கிறது. இறுதி முடிவு 18 மாதத்தில், அல்லது பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து, எது பிந்தியோ அப்போது.

எச்.ஐ.வி.யின் இன்னொரு வகையான எச்.ஐ.வி.-2 பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டில் அரிது, ஆனால் இருக்கிறது. கிட்டில் 2-க்கான புள்ளி தெரிந்தால் நீங்களே வகை பிரித்து எழுத வேண்டாம், குறுக்கு வினையில் இரண்டு புள்ளியும் வருவது சகஜம். அதற்கென ஒதுக்கிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எஃபாவிரென்ஸ், நெவிராபின் போன்ற மருந்துகள் எச்.ஐ.வி.-2-ல் வேலை செய்யாது, வழக்கமான வைரல் லோடு சோதனையிலும் அது தெரியாது என்பதால்தான் இந்தக் கவனம்.

முடிவு லேபை விட்டு வெளியே போகும்போது

நீங்கள் முடிவைச் சொல்லக் கூடாது. கோடு எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவரிடம், “ஆலோசகர் சொல்வார், பத்து நிமிஷம் உட்காருங்க” என்று எல்லோரிடமும் ஒரே குரலில் சொல்லிப் பழகுங்கள். நெகட்டிவ் என்றால் சிரித்துக்கொண்டே “ஒண்ணும் இல்ல, போங்க” என்று சொல்பவர், பாசிட்டிவ் வரும் அன்றைக்கு ஆலோசகரிடம் அனுப்பும்போதே சொல்லிவிடுகிறார். வெளியே காத்திருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும். வார்டு கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதுவது, கட்டிலில் சீட்டு தொங்கவிடுவது எல்லாம் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்லும் சட்டத்துக்கு நேர் எதிர்.

முடிவு போய்ச் சேராமல் இருப்பதும் ஆபத்துதான். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நாடு முழுக்கச் செய்தியானது. ரத்தம் தந்த இளைஞர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு தானம் செய்தபோதே தொற்று தெரிந்திருந்தது, தகவல் மட்டும் அவருக்குப் போகவில்லை என்று அப்போது வெளிவந்தது. ரத்த வங்கியில் ஒரே சோதனை, ரியாக்டிவ் என்றால் அந்தப் பையை அழித்துவிடுவார்கள். தானம் தந்தவருக்கு நோய் இருக்கிறதா என்று தீர்மானிப்பது நம்பிக்கை மையத்தின் வேலை. ரத்த வங்கி அனுப்பிய ஆள் உங்களிடம் வந்து சேர்ந்தாரா என்று மாதத்துக்கு ஒருமுறையாவது பட்டியலை வைத்து ஒப்பிடுங்கள். வராதவர் யார் என்று ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

ஊசி குத்திவிட்டால்

பிழியாதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே மருத்துவ அலுவலரிடம் போங்கள். தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஒரு குத்தில் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், ஆனால் வெட்கப்பட்டு மறைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்துப் பதிவு செய்யுங்கள். ஊசியைத் திரும்ப மூடாமல் நேரே ஊசி வெட்டும் கட்டரில் போடுகிறவருக்கு இந்தப் பத்தி பெரும்பாலும் தேவைப்படாது.

வெளித் தரச் சோதனை பேனல் வந்தால்

ரெஃபரன்ஸ் ஆய்வகத்திலிருந்து சில குப்பிகள் வரும், எது பாசிட்டிவ் என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பரீட்சையாக நினைத்து, மையத்தில் இருப்பதிலேயே அனுபவசாலியை வைத்து, மூன்று தடவை ஓட்டி, பக்கத்து மையத்துக்குப் போன் போட்டு விடையைச் சரிபார்த்து அனுப்புவார்கள். அப்படிச் செய்தால் உங்கள் மேசையில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். வழக்கமான சாம்பிள்களோடு சேர்த்து, வழக்கமாகச் செய்பவரே, ஒரு தடவை ஓட்டி அனுப்பட்டும். விடை பிசகினால் கிட்டின் லாட் எண், அன்றைய டெம்பரேச்சர் சார்ட், யார் படித்தது, எத்தனை மணிக்குப் படித்தது என்று கேட்பார்கள். அந்த நான்கும் பதிவேட்டில் இருந்தால் காரணத்தைப் பெரும்பாலும் அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம்.